‘இங்’கிதம்: கேள்வி - பதில்

பிளஸ் டூ மாணவி, திருச்செங்கோடு
கேள்வி: பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்றாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது. ஒரே வரியில் சொல்லிவிடுங்களேன்.

பதில்: வினைச்சொல்லின் வாலில் ‘இங்’ கட்டினால் கிடைப்பது. வரி முடிந்தது.

இனி காய்ச்சலுக்கு மருந்து. இது புது வியாதி இல்லை. தமிழ் வகுப்பில் நீங்கள் எப்போதோ பார்த்து முடித்த எச்சம்தான். ‘ஓடுகிற’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், எதிரில் இருப்பவர் ‘என்ன ஓடுகிற? பஸ்ஸா, நாயா?’ என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொல்லவேண்டியது மிச்சம் இருக்கிறது, அதனால் எச்சம். ‘ரன்னிங்’கும் அப்படியே. ‘ஹி ரன்னிங்’ என்று எழுதினால் டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறப்பது அதனால்தான். முடித்துவைக்க ஒரு ‘இஸ்’ஸோ ‘வாஸ்’ஸோ வரவேண்டும்.

‘பார்ட்டிசிபிள்’ என்ற சொல்லுக்கு லத்தீன் வேர் பங்குகொள்வது. வினையிலும் பங்கு, பெயரடையிலும் பங்கு. நம் ஊரில் இதற்குப் பெயர் பங்காளி. பங்காளி என்றால் தகராறு இருக்கத்தானே செய்யும்?


வங்கி ஊழியர், காரைக்குடி
கேள்வி: பெயரிலேயே ‘பிரசன்ட்’ இருக்கிறது. ஆனால் நேற்று நடந்ததற்கும் ‘வாஸ் ஸ்லீப்பிங்’, நாளை நடக்கப்போவதற்கும் ‘வில் பி ஸ்லீப்பிங்’. என்ன நியாயம்?

பதில்: சின்னத்தம்பி என்று பெயர் வைத்த பையன் ஆறடி வளர்வதில்லையா, அந்த நியாயம். காலத்தைச் சுமப்பது முன்னால் நிற்கும் துணைவினை. ‘ஸ்லீப்பிங்’ சொல்வதெல்லாம், தூக்கம் நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்பது மட்டும்தான்.

நம் பெயரெச்சம் இந்த விஷயத்தில் பணக்காரன். ஓடிய, ஓடுகிற, ஓடும் என்று மூன்று காலத்துக்கும் தனித்தனிச் சட்டை வைத்திருக்கிறது. இங்கிலீஷ் வைத்திருப்பது இரண்டே சட்டை: ‘இங்’ ஒன்று, ‘இட்’ ஒன்று. பெயர்ப் பொருத்தமில்லை என்று இலக்கணக்காரர்களே முனகுவதுண்டு. 2002-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் ‘பிரசன்ட்’டைத் தூக்கிவிட்டு ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று பெயர் மாற்றியது. பள்ளிக்கூடங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.


மருந்துக்கடை ஊழியர், பெரம்பலூர்
கேள்வி: ‘ஸ்லீப்பிங் பேபி’ என்றால் தூங்குகிற குழந்தை. அப்படியானால் ‘ஸ்லீப்பிங் பில்’ தூங்குகிற மாத்திரையா?

பதில்: எக்ஸ்பைரி தேதி தாண்டி உங்கள் அலமாரியிலேயே கிடந்தால், ஆமாம்.

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ‘இங்’கைக் கண்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த வேலையைச் செய்வது யார்?’ தூங்குவது குழந்தை. ஆகவே பார்ட்டிசிபிள், நம் கணக்கில் பெயரெச்சம். மாத்திரை தூங்கவில்லை, தூங்குவதற்காக இருக்கிறது. ஆகவே அது ஜெரண்ட், நம் கணக்கில் தொழிற்பெயர். ‘வாக்கிங் ஸ்டிக்’ நடக்காது, ‘டைனிங் டேபிள்’ சாப்பிடாது, ‘ஸ்விம்மிங் பூல்’ நீந்தாது, ‘ஃப்ரையிங் பான்’ தானே வறுபடாது. எல்லாம் தொழிற்பெயர்க் கூட்டம்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். ‘ஸ்லீப்பிங் பில்’லில் அழுத்தம் ‘ஸ்லீப்’ மேல் விழும். ‘ஸ்லீப்பிங் பேபி’யில் அது ‘பேபி’க்குத் தாவும். இந்த அழுத்தத்தைக் கோட்டைவிட்டால் ‘டான்சிங் டீச்சர்’ ஆபத்தில் மாட்டுவார். முதல் சொல்லை அழுத்தினால் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். இரண்டாவதை அழுத்தினால் கணக்கு டீச்சர் ஆண்டுவிழாவில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

‘வாஷிங் மெஷின்’ எந்தக் கட்சி என்று அடுத்த தபாலில் கேட்காதீர்கள். துவைக்கிற மெஷினும் அதுவே, துவைப்பதற்கான மெஷினும் அதுவே. வீட்டில் துணி துவைத்தால் சரி.


ஆட்டோ ஓட்டுநர், மதுரை
கேள்வி: ‘கிங்’ பார்ட்டிசிபிளா?

பதில்: ‘இங்’கை வெட்டினால் மிஞ்சுவது ஒரு ‘கே’. அப்படி ஒரு வினை இல்லை. ‘புட்டிங்’, ‘ஷில்லிங்’ எல்லாம் இதே போலிகள். ஆனால் ‘ஈவினிங்’ அசல் ‘இங்’. சாயங்காலம் ஆவதைச் சொல்ல பழைய இங்கிலீஷில் ஒரு வினையே இருந்தது. அதன் தொழிற்பெயர் அது. ‘மார்னிங்’ பிற்பாடு ‘ஈவினிங்’கைப் பார்த்து வால் ஒட்டிக்கொண்டது. காலை மாலையைக் காப்பியடித்த ஒரே இடம்.


வேலை தேடும் பட்டதாரி, நாகர்கோவில்
கேள்வி: இன்டர்வியூவில் ‘ஐ யாம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். எங்கே தப்பு?

பதில்: ‘நான் மிகவும் சுவாரசியமான ஆள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதை அவர்கள்தான் சொல்லவேண்டும்.

‘இங்’ கொடுக்கிற கை, ‘இட்’ வாங்குகிற கை. படம் ‘போரிங்’, பார்த்த நான் ‘போர்டு’. செய்தி ‘ஷாக்கிங்’, கேட்ட மாமியார் ‘ஷாக்டு’. தமிழில் நாம் இதைத் தடுமாறாமல் செய்கிறோம். ‘சலிப்பூட்டும் பேச்சு’, ‘சலித்துப்போன கூட்டம்’. இடம் மாற்றி யாராவது சொல்வோமா? இங்கிலீஷுக்கு மாறும்போது மட்டும் ஊட்டியவரும் உண்டவரும் நாற்காலி மாறிவிடுகிறார்கள்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று. கல்லூரி நாளில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெட்டி இரண்டையும் தூக்கி வந்து மூச்சு வாங்க, ‘ஐ யாம் வெரி டயரிங், சார்’ என்றேன். களைத்துவிட்டேன் என்று சொல்வதாக நினைப்பு. ‘மற்றவர்களைக் களைக்கவைக்கும் ஆசாமி நான்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் பெரிய மனிதர். ‘நாட் அட் ஆல், நாட் அட் ஆல்’ என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலின் அர்த்தம் எனக்கு விளங்க நாலு வருஷம் ஆனது.


துணை ஆசிரியர், சென்னை
கேள்வி: ‘டாங்க்ளிங் பார்ட்டிசிபிள்’ என்று என் ஆசிரியர் அடிக்கடி என் காப்பியில் எழுதித் திருப்பி அனுப்புகிறார். தொங்குவது எது?

பதில்: செய்தவர் இல்லாமல் செயல் தொங்குகிறது. ‘வாக்கிங் டு த டெம்பிள், எ டாக் பிட் மீ’ என்று எழுதிப் பாருங்கள். கோயிலுக்கு நடந்து போனது யார்? நீங்கள் என்று நினைத்து எழுதினீர்கள். வாக்கியமோ நாய்க்குப் புண்ணியம் கொடுத்துவிட்டது. ‘இங்’ தொடரை முன்னால் வைத்து கமா போட்டால், கமாவைத் தாண்டியதும் முதலில் வரும் எழுவாய்தான் அந்த வேலையைச் செய்தவர். இங்கே தாண்டியதும் நாய்.

இது ஏதோ வெள்ளைக்காரன் சட்டம் என்று எண்ணவேண்டாம். ‘கோயிலுக்கு நடந்து போய் நாய் என்னைக் கடித்தது’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்கள் பாட்டியே ‘நாய்க்கு என்னடா கோயிலில் வேலை?’ என்பார். வினையெச்சத்தின் வினையைச் செய்தவரே முற்றுவினையையும் செய்யவேண்டும் என்று நம் காதுக்கே தெரியும். செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வகை எச்சங்களும் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியர் வினையியலில் சட்டமாகவே எழுதிவைத்தார். அதனால்தான் நாம் தானாகவே ‘நடந்து போகும்போது நாய் கடித்தது’ என்று மாற்றிக்கொள்கிறோம். ‘போது’ வந்தால் எழுவாய் மாறலாம். இங்கிலீஷிலும் அதே வைத்தியம்: ‘வைல் ஐ வாஸ் வாக்கிங்’ என்று ஆளை உள்ளே கொண்டுவந்து உட்கார வையுங்கள்.

உங்கள் ஆசிரியரை மடக்க ஒரு துருப்புச்சீட்டும் தருகிறேன். ஹாம்லெட்டின் முதல் அங்கத்தில் செத்துப்போன ராஜாவின் ஆவி மகனிடம் வந்து பேசுகிறது. தோட்டத்தில் தூங்கும்போது பாம்பு கடித்துத் தான் செத்ததாக ஊரில் கதை கட்டியிருக்கிறார்கள் என்கிறது. ஷேக்ஸ்பியர் அதை எழுதிய விதத்தில், இலக்கணப்படி தோட்டத்தில் தூங்கியது பாம்பு! நானூறு வருஷமாக நாடகம் நடக்கிறது. எந்த ரசிகனும் எழுந்து நின்று ‘பாம்பா தூங்கியது?’ என்று கேட்கவில்லை. ஆவி பேசும்போது கமாவைப் பார்ப்பவன் யார்? பத்திரிகையில் அந்தச் சலுகை இல்லை. அங்கே பேசுவது ஆவி இல்லை, நீங்கள்.

எழுவாய் மாறியும் தொங்காதவை இரண்டு மொழியிலும் உண்டு. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோம். பெய்தது ஒன்று, நிறைந்தது ஒன்று. ஆனாலும் காரணமும் காரியமுமாகக் கைகோத்து நிற்பதால் உறுத்துவதில்லை. ‘வெதர் பர்மிட்டிங்’, ‘காட் வில்லிங்’ என்று இங்கிலீஷில் வருவனவும் தொங்கல் இல்லை. வானிலையும் கடவுளும் எழுவாயாகக் கூடவே நிற்கிறார்கள்.


வக்கீல் குமாஸ்தா, தஞ்சாவூர்
கேள்வி: எங்கள் காகிதங்களில் ‘ரிகார்டிங்’, ‘கன்சர்னிங்’, ‘பெண்டிங்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று ஒரே ‘இங்’ மயம். இவை எந்தப் பெயரைத் தழுவுகின்றன? யார் செய்கிறார்கள்?

பதில்: யாரும் செய்யவில்லை. இவர்கள் ஓய்வுபெற்ற பார்ட்டிசிபிள்கள். வினை வேலையை விட்டுவிட்டு முன்னிடைச்சொல்லாக, அதாவது பிரிபொசிஷனாக, மறுவேலையில் சேர்ந்தவர்கள். ஓய்வு பெற்றவரிடம் போய் ‘செய்தவர் யார்?’ என்று விசாரணை நடத்தக்கூடாது. தொங்கும் பார்ட்டிசிபிள்களைத் துரத்தித் துரத்தி அடித்த ஃபவுலரே, 1926-ல் வந்த தன் பிரயோக அகராதியில் இந்த வகைக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்.

‘டியூரிங்’ கதை உருக்கமானது. நீடித்திருப்பதைச் சொல்ல ‘டியூர்’ என்று ஒரு வினை ஒரு காலத்தில் இருந்தது. தாய் வழக்கொழிந்து போயிற்று. பிள்ளை மட்டும் தினமும் ஆபீசுக்குப் போகிறது. ‘பெண்டிங்’ பிரெஞ்சு மொழியில் இருந்த ஒரு சொல்லைப் பார்த்துச் செய்துகொண்டது. மூல அர்த்தம் ‘தொங்குகிற’. நீதிமன்றக் கட்டுகளைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

ஆனால் எனக்கு இதில் வேறு ஒரு சந்தோஷம். நாமும் அச்சு அசலாக இதையே செய்திருக்கிறோம். ‘பற்றி’, ‘குறித்து’, ‘கொண்டு’, ‘நோக்கி’, ‘சுற்றி’, ‘இருந்து’ எல்லாம் பிறப்பால் வினையெச்சங்கள். பற்று, குறி, கொள், நோக்கு என்று முழு வினையாக உழைத்தவை. ‘அவரைப் பற்றிப் பேசினேன்’ என்னும்போது யாரும் அவர் சட்டையைப் பற்றுவதில்லை. உங்கள் ‘ரிகார்டிங்’குக்கு நேர் தமிழ் ‘குறித்து’. சொல்லும் சொல்லும் மட்டுமா ஒத்துப்போகிறது, வாழ்க்கை வரலாறே ஒத்துப்போகிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே இதைச் செய்தன.


டீக்கடை உரிமையாளர், தென்காசி
கேள்வி: நமக்கு ஏன் இவ்வளவு ‘இங்’? பார்க்கிங், ஷூட்டிங், கோச்சிங், வெல்டிங், டிங்கரிங்...

பதில்: வினையை அப்படியே இறக்குமதி செய்தால் தமிழ் வாயில் நிற்காது. ‘நான் வாக்கினேன்’ என்று சொல்ல முடியுமா? தொழிற்பெயராக இறக்கிக்கொண்டால் பக்கத்தில் நம் ஊர் வினையை நிறுத்தலாம்: வாக்கிங் போனேன், மீட்டிங் போட்டார்கள், டிரைவிங் தெரியும், ஃபீலிங் ஆகிவிட்டான். ‘பில்டிங்’ எல்லாரையும் மிஞ்சியது. கட்டும் தொழிலாகப் புறப்பட்டு, கட்டி முடித்த கட்டடமாக வந்து இறங்கியது. நம் ‘கட்டடம்’ மட்டும் என்ன, அதுவும் ‘கட்டு’ என்ற வினையில் கிளம்பியதுதானே.


சாயப்பட்டறைக் கணக்காளர், திருப்பூர்
கேள்வி: எங்கள் போர்டில் ‘டையிங்’ என்று எழுதியதில் ஒரு ‘இ’ குறைகிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார். ஒரு எழுத்தில் என்ன போயிற்று?

பதில்: உயிர். சாயம் ஏற்றும் வினை ‘டி, ஒய், இ’. அதில் ‘இங்’ சேர்க்கும்போது வழக்கமாக விழும் கடைசி ‘இ’ விழக்கூடாது. விழுந்தால் அது ‘டி, ஐ, இ’ என்ற இன்னொரு வினையின் ‘டையிங்’, அதாவது செத்துக்கொண்டிருப்பது. உங்கள் போர்டைப் படிப்பவர் ‘செத்துக்கொண்டிருக்கும் கம்பெனி’ என்று அனுதாபத்தோடு கடந்துபோவார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இரண்டு ஸ்பெல்லிங்கும் பொருந்தியது. நொய்யல் ஆற்றைக் கேட்டால் அதற்கும் முன்பே இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கும்.

மற்ற ஸ்பெல்லிங் தொல்லைகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ‘ரன்’, ‘சிட்’ போன்ற குட்டிச் சொற்களில் கடைசி மெய் இரட்டிக்கும். நீளமான சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் இருந்தால்தான் இரட்டிப்பு: ‘பிகின்னிங்’கில் இரண்டு ‘என்’, ‘ஓப்பனிங்’கில் ஒன்று. ‘டிராவலிங்’ இந்தச் சட்டத்தை மதிக்காது. பிரிட்டிஷ்காரர் இரண்டு ‘எல்’ போடுவார், அமெரிக்கர் ஒன்றோடு சிக்கனம் பிடிப்பார். ‘பானிக்’, ‘பிக்னிக்’ இரண்டிலும் ‘இங்’குக்கு முன்னால் ஒரு ‘கே’ செருகவேண்டும். இல்லாவிட்டால் ‘சி’யை அடுத்து ‘ஐ’ வந்து ‘பானிசிங்’ என்று வாசிக்கத் தோன்றும். படுத்திருப்பதும் பொய் சொல்வதும் ‘இங்’ சேர்ந்தால் ஒரே ‘லையிங்’. தேர்தல் நேரத்தில் சௌகரியமான சொல்.


ஆசிரியை, ஈரோடு
கேள்வி: ‘ஐ யாம் ஹேவிங் எ டவுட்’ என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். திருத்தினால் ‘மிஸ், மெக்டொனால்ட்ஸ் மட்டும் ஐ’ம் லவின் இட் என்று போடலாமா?’ என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த மாணவனுக்கு ஒரு சபாஷ். பிறகு திருத்துங்கள்.

‘இங்’ என்பது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு. வைத்திருப்பது, தெரிந்திருப்பது, பிடித்திருப்பது, சொந்தமாயிருப்பது எல்லாம் வேலை இல்லை, நிலை. நிலைக்கு ‘இங்’ ஒட்டாது. ‘ஐ நோ’, ‘ஐ ஹேவ்’, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’. நாம் சறுக்குவதற்குக் காரணம், நம் ‘கிற’ இரண்டு வேலையையும் ஒரே சம்பளத்தில் செய்கிறது. ‘அவன் பேங்கில் வேலை பார்க்கிறான்’ என்றாலும் அதே ‘கிற’. ‘ஏய், அவன் பார்க்கிறான்’ என்றாலும் அதே ‘கிற’. அதனால் எங்கே ‘கிற’ வந்தாலும் மனசு ‘இங்’கை எடுத்து நீட்டுகிறது. ‘ஐ யாம் லிவிங் இன் சேலம்’ என்றால் இங்கிலீஷ்காரர் ‘சரி, எப்போது காலி செய்கிறீர்கள்?’ என்று நினைப்பார். நிரந்தர சேலத்துக்காரர் ‘ஐ லிவ்’ என்றால் போதும்.

இது தமிழர் மட்டும் செய்யும் தப்பில்லை, அகில இந்திய வழக்கம். பம்பாய்க் கவிஞர் நிஸிம் எசக்கியேல் ‘குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.’ என்ற கவிதையை முழுக்க இந்த ‘இங்’ இங்கிலீஷிலேயே எழுதினார். சிலருக்குச் சிரிப்பு வந்தது, சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு இரண்டும் வந்தது. பல வரிகளில் என் சித்தப்பா பேசினார்.

மெக்டொனால்ட்ஸ் விஷயம். அந்த விளம்பரம் 2003-ல் முதலில் வெளியானது ஜெர்மனியில், ஜெர்மன் மொழியில். அதில் ‘இங்’கும் இல்லை, எச்சமும் இல்லை, ‘எனக்கு அது பிடிக்கும்’ என்ற எளிய நிகழ்காலம். இங்கிலீஷுக்கு வந்தபோது வேண்டுமென்றே விதியை மீறினார்கள். இதோ இந்த வாயில், இந்த நிமிஷம், ரசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற பொருள் அதனால் கிடைத்தது. தெரிந்து மீறினால் விளம்பரம், தெரியாமல் மீறினால் சிவப்பு மை. மாணவனிடம் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வான். அடுத்த பரீட்சையிலும் ‘ஹேவிங் எ டவுட்’ என்றே எழுதுவான்.


சினிமா ரசிகர், புதுச்சேரி
கேள்வி: இங்கிலீஷ் படங்களில் ‘கோயின்’, ‘கமின்’, ‘நத்தின்’ என்று கடைசி ‘ஜி’யை விழுங்குகிறார்களே, சோம்பேறித்தனமா?

பதில்: பரம்பரைச் சொத்தாகவும் இருக்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் எச்சத்துக்கு வால் ‘எண்டெ’, தொழிற்பெயருக்கு வால் ‘உங்’ அல்லது ‘இங்’. இரண்டும் தனித்தனிக் குடும்பம். இடைக்காலத்தில் மெல்ல மெல்ல நெருங்கி, ஒரே ‘இங்’கில் கூட்டுக்குடித்தனம் ஆகிவிட்டன. பெரம்பலூர் மாத்திரையும் குழந்தையும் ஒரே வாலோடு திரிவது அதனால்தான். ‘இன்’ என்ற பேச்சு அந்தப் பழைய ‘எண்டெ’யின் மிச்சம் என்று ஒரு கட்சி உண்டு.

1958-ல் ஜான் ஃபிஷர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். பெண் குழந்தைகள் ‘இங்’ பக்கம் சாய்ந்தார்கள், பையன்கள் ‘இன்’ பக்கம். சொன்ன பேச்சுக் கேட்கும் பையன் ‘இங்’, சராசரிப் பையன் ‘இன்’. ஆனால் இதை ஏழை பாஷை என்று முத்திரை குத்த முடியாது. நரி வேட்டைக்குப் போன இங்கிலாந்துப் பிரபுக்களும் ‘ஹண்டின், ஷூட்டின், ஃபிஷின்’ என்றே பேசிக்கொண்டார்கள். ‘ஜி’யைக் கவலையோடு காப்பாற்றியது நடுத்தர வர்க்கம். எந்த ஊரிலும் அதுதானே எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை
கேள்வி: முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷ் கற்பித்தவன் நான். எனக்குத் தெரியாத பார்ட்டிசிபிள் ஒன்று சொல்லும் பார்க்கலாம்.

பதில்: வணக்கம் ஐயா. ‘ஃபிரெண்ட்’. வாலில் இருக்கும் ‘எண்ட்’, போன பதிலில் சொன்ன அந்தப் பழைய ‘எண்டெ’யின் உறவு. நேசிப்பது என்ற பழைய வினையின் நிகழ்கால எச்சம் பெயராக உறைந்தது. ஆகவே நண்பன் என்பவன் ‘நேசிக்கிறவன்’. அதே அச்சில் வெறுப்பது என்ற வினையில் பிறந்தது ‘ஃபீண்ட்’, இன்று பிசாசு. நேசிக்கிறவன், வெறுக்கிறவன் இரண்டு பேரும் ஒரே இலக்கணத் தொட்டிலில் கிடந்தவர்கள்.

நீங்கள் வகுப்பில் நடத்தியது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமாக இருக்கும். அதில் ரென் யார் தெரியுமோ? பிரெஞ்சு அந்நியப் படையின் பாலைவனச் சாகசத்தை ‘போ ஜெஸ்ட்’ என்று 1924-ல் நாவலாக எழுதியவரும் அவரே. இந்தியாவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். ஒரு கையில் துப்பாக்கிச் சண்டை, மறு கையில் ‘பாகுபடுத்துக’. நம் தலையில் விழுந்தது இரண்டாவது.


சாஃப்ட்வேர் ஊழியர், சோழிங்கநல்லூர்
கேள்வி: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ சரியா, ‘மீட்டிங் யூ’ சரியா?

பதில்: ‘மீட்டிங்’. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ நன்றாக நிற்கிறது. ஆகவே அந்த ‘டு’ பெயரைக் கேட்கிறது, தொழிற்பெயரைக் கொடுங்கள். அப்ரைசல் மீட்டிங் என்றால் மட்டும் இந்த வாக்கியத்தையே தவிர்க்கலாம்.


லாரி ஓட்டுநர், நாமக்கல்
கேள்வி: ‘ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’, ‘ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்’. வித்தியாசம்?

பதில்: முதலாவதில் பீடியை நிறுத்தினார், இரண்டாவதில் லாரியை.


மொழிபெயர்ப்பாளர், பொள்ளாச்சி
கேள்வி: ‘நான் படிக்கிற புத்தகம்’ என்பதை ‘மை ரீடிங் புக்’ என்று பெயர்த்தேன். பதிப்பாளர் திருப்பிவிட்டார்.

பதில்: நல்ல பதிப்பாளர், விட்டுவிடாதீர்கள். நம் பெயரெச்சம் தாராள மனசு. படிக்கிற பையன், படிக்கிற புத்தகம், படிக்கிற மேஜை, படிக்கிற நேரம், படிக்கிற காரணம் என்று யாரை வேண்டுமானாலும் தோளில் ஏற்றிக்கொள்ளும். இங்கிலீஷ் பார்ட்டிசிபிள் செய்கிறவனை மட்டுமே ஏற்றும். ‘ரீடிங் பாய்’ என்றால் படிப்பது பையன். புத்தகத்தை ஏற்ற வேண்டுமானால் ‘த புக் ஐ யாம் ரீடிங்’ என்று தனி வண்டி பிடிக்கவேண்டும்.

இடமும் முக்கியம். ஒற்றை ‘இங்’ பெயருக்கு முன்னால் நிற்கலாம். பின்னால் வால் நீண்டால் பெயருக்குப் பின்னால் போய்விடவேண்டும். ‘கதவோரம் நிற்கிற பையன்’ நமக்குச் சரி. இங்கிலீஷில் ‘த பாய் ஸ்டாண்டிங் நியர் த டோர்’. நாம் அடைமொழியை முன்னால் அடுக்கிக்கொண்டு போவோம். அவர்கள் பெயரை முதலில் சொல்லிவிட்டு மூட்டையைப் பின்னால் இறக்குவார்கள்.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், நானே விழுந்தது. ‘சாப்பிட்டு ஆபீசுக்குப் போனேன்’ என்பதை ‘ஈட்டிங் மை லஞ்ச், ஐ வென்ட் டு ஆபீஸ்’ என்று எழுதினால், கையில் சாம்பார் சாதத்தோடு சைக்கிள் மிதித்த காட்சி கிடைக்கும். நம் ‘சாப்பிட்டு’ முடிந்த காரியம். அவர்களுடைய ‘ஈட்டிங்’ நம் ‘சாப்பிட்டுக்கொண்டே’. முன்னது முடிந்து பின்னது தொடங்கினால் ‘ஹேவிங் ஈட்டன்’ என்று கை கழுவிவிட்டுக் கிளம்பவேண்டும். தமிழிலிருந்து பெயர்ப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் இங்கே சறுக்குகிறார்கள் என்று நான் எண்ணியதில்லை. என்னை எண்ணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.


கட்டட மேஸ்திரி, அரியலூர்
கேள்வி: ‘த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்று என் மகள் படிக்கிறாள். ‘பீயிங்’ எதற்கு அங்கே?

பதில்: வீடு தானாகக் கட்டிக்கொள்ளாது, நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்று ஒப்புக்கொள்வதற்கு. இந்த அமைப்பு பரவியதே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே சொல்வார்கள், வீடு என்னவோ தன் செங்கலைத் தானே சுமப்பதுபோல. ‘பீயிங் பில்ட்’ வந்தபோது அசிங்கம் என்று பண்டிதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் திட்டினார்கள். திட்டத் திட்டக் கட்டி முடிந்தது.


குடும்பத் தலைவி, சிவகாசி
கேள்வி: இவ்வளவையும் படித்துவிட்டேன். ‘ஐ யாம் கன்ஃப்யூசிங்.’

பதில்: இல்லை அம்மா. கன்ஃப்யூசிங் நான். நீங்கள் கன்ஃப்யூஸ்டு.

அடுத்த இதழில் பாஸ்ட் பார்ட்டிசிபிள். கேள்விகளை அஞ்சலட்டையில் எழுதுங்கள். ஊர் பெயரை மறக்காதீர்கள்.